கைடு வளைந்த நாள்

"சார், நீங்க குடுத்த கைடு அப்பளம் மாதிரி வளைஞ்சி கெடக்கு." கடலூர் மருத்துவமனை ஒன்றின் அறுவை அரங்கிலிருந்து சிஸ்டர் மேரி போனில் சொன்னபோது காலை எட்டு மணி. ஒன்பது மணிக்கு ஆபரேஷன். நான் சிதம்பரத்தில், பல்கலைக்கழக ஆய்வகத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கைடு என்பது தாடை எலும்பின் மேல் கச்சிதமாக உட்காரும் அச்சு. கட்டி வந்த எலும்பை ரம்பம் எங்கே வெட்ட வேண்டும், எலும்பைப் பிணைக்கும் பிளேட்டின் திருகு எங்கே இறங்க வேண்டும் என்று அதிலுள்ள பள்ளங்கள் காட்டும். நாங்களே உருவாக்கிய பாலிமரில் அதை ஐம்பது மைக்ரான் துல்லியத்தில் பிரிண்ட் செய்திருந்தேன். ஒரு தலைமுடியின் பருமனுக்குள் அடங்கும் கணக்கு. டீக்கடையில்கூட இதைச் சொல்லாமல் விட்டதில்லை, அவ்வளவு தலைக்கனம்.

அந்தப் பாலிமர் அறுபது டிகிரியிலேயே இளகிவிடும். வாயு முறையில்தான் கிருமி நீக்க வேண்டும். முதல் நாள் சிஸ்டர் போன் செய்து, "ஆட்டோகிளேவ்ல வைக்கலாமா சார்?" என்று முறையாகக் கேட்டார். மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தாராளமா வைங்க" என்றேன். ஆட்டோகிளேவ் என்பது கொதிநீராவியால் கிருமி நீக்கும் கலன்; நாங்கள் முன்பு பயன்படுத்திய ரெசின் அந்தச் சூட்டைத் தாங்கும். வாய் அந்தப் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டது.

இப்போது சிஸ்டரிடமிருந்து சர்ஜன் போனை வாங்கினார். "ஒங்களக் கேட்டுத்தான் வச்சேன்னு சிஸ்டர் சொல்றாங்க. நெஜமா?"

எழுத்தில் எதுவும் இல்லை. இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"ஆமா சார். தப்பு என்னோடதுதான்."

"அப்ப நீங்களே வந்து அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

பஸ் பிடித்துப் போனேன். நோயாளி செல்வி, புவனகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு சமைப்பவர். இரண்டு மாதமாக அவருடைய தாடை என் கணினித் திரையில் சுழன்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு பல்லின் வேரும் எனக்கு அத்துப்படி. முகத்தை அன்றுதான் பார்த்தேன். இடது கன்னம் வீங்கி, பச்சை கவுனில், வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்.

நடந்ததையும், ஆபரேஷன் தள்ளிப்போவதையும் சொன்னேன். அவர் வாயை அதிகம் திறக்காமல் மெதுவாகக் கேட்டார்: "என்னைப் பாக்காமயே செஞ்சீங்களா சார்?"

"ஸ்கேன்ல பாத்தேம்மா."

"புள்ளைங்களுக்கு தெனம் ஆக்கிப் போடுறேன். ஒரு வருஷமா எனக்குக் கஞ்சிதான். இன்னியோட முடிஞ்சிரும்னு இருந்தேன்."

அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

புதிய கைடை நானே கையில் எடுத்துப்போனேன். உறையில் கொட்டை எழுத்தில் 'ஆட்டோகிளேவ் கூடாது' என்று எழுதியிருந்தேன். வாயு முறை முடியும்வரை சிஸ்டரோடு காத்திருந்தேன். ஆறாம் நாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

இப்போது என்னிடம் சேரும் மாணவர்களுக்கு முதல் வேலை பிரிண்டரில் இல்லை. கடலூருக்குப் போய் நோயாளியிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, கிருமி நீக்கும் அறையையும் பார்த்துவிட்டு வர வேண்டும். சிலர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

சில மாதம் கழித்து செல்வி ஆய்வகத்துக்கு வந்தார். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். பள்ளியில் அவர் செய்த சுண்டல். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இப்ப பாத்துக்குங்க சார்" என்று சொல்லி ஒன்றை எடுத்து வாயில் போட்டு, வலது பக்கமாக மெல்ல மென்றார்.

டப்பா காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.