ஆறு டிக்கெட்

இடுப்பில் செருகிய பஸ் டிக்கெட் வியர்வையில் ஊறி, சாயம் விரலில் ஒட்டும்... அதைக் கிழியாமல் ஆம்பூர் கொண்டுவந்து மாமியார் கையில் வைக்க வேண்டும். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வேலூர் டிக்கெட்டின் நிறம் தெரியும்.

மாதம் ஒருமுறை அவருக்குச் சர்க்கரை மருந்து வாங்க வேலூர் போவேன். போக ஒன்று, வர ஒன்று.

ஒருநாள் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனி கேட்டில், என் தாய்வீட்டு ஊரான திமிரிக்காரர் ஒருவர் என்னை நிறுத்தினார். "உங்கம்மா வுழுந்துட்டாங்க. படுத்தவங்க எழுந்திருக்கல."

கல்யாணத்தில் மரியாதை கம்மி என்று மாமியார் என் தாய்வீட்டை ஒதுக்கி வைத்திருந்த நேரம். போய் வரட்டுமா என்று அவரிடம் கேட்டேன்.

"அந்த வாசப்படிய மிதிச்சா இங்க வராத."

மறுநாள் மருந்துச் சீட்டோடு கிளம்பினேன். வேலூரில் மருந்தை வாங்கிக்கொண்டு ஆற்காடு பஸ் ஏறினேன். அங்கிருந்து திமிரி.

அம்மா இருக்கிறாளா, போய்விட்டாளா... யாரைக் கேட்பது? நான் எங்கே இருக்கிறேன் என்றும் யாருக்கும் தெரியாது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் என்னை வழியில் நிறுத்தவும் யாராலும் முடியாது.

தெருமுனையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சாவு மேளச் சத்தம் இல்லை.

அம்மா காலில் கட்டோடு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இப்படி இளைச்சிட்ட? உங்க மாமியா மருந்த நீ துன்றியா?"

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது...

பொழுது சாய வீடு வந்தேன். மாமியார் கையை நீட்டினார். ஆறு டிக்கெட்டையும் வைத்தேன்.

"இதுங்கல்லாம் இன்னாடி?"

"திமிரி போன டிக்கெட், வந்த டிக்கெட். இந்தாங்க, உங்க மருந்து."

வெளியே துரத்தவில்லை, ஆனால் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு டிக்கெட் கேட்கவும் இல்லை. இன்று அவர் போட்டோவுக்குப் பூ வைப்பது நான்தான். ஆனால் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது என் மகன் என் போனில் எதையோ போட்டுவிட்டிருக்கிறான். நான் போகிற இடமெல்லாம் அவனுக்குத் தெரிகிறதாம். போன வாரம் திமிரிக்குத் தங்கையைப் பார்க்கப் போனேன். வழியிலேயே போன்.

"ஆற்காட்டுல ஏம்மா இவ்ளோ நேரம் நிக்கிற?"

"டீ குடிக்கிறேன்டா."

போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். ஜன்னலோரம், காற்று... பழைய பஸ் மாதிரியே இருந்தது.

திரும்பி வந்தால் வாசலில் முறைத்துக்கொண்டு நிற்கிறான். "எவ்ளோ பேஜாரா இருந்துச்சு தெரியுமா?"

இடுப்பிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

"எண்ணிக்கடா. உங்க ஆயாவும் கேட்டாங்க."