சத்தமில்லாத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் காதை ஒட்டவைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்த என் கணவரின் முகம்தான் அந்தக் காலத்தை நினைத்தால் முதலில் வருகிறது. கல்யாண வீடியோக்களுக்கும் கோயில் திருவிழாப் பாட்டுகளுக்கும் ஒலி சேர்த்துக் கொடுப்பது அவர் தொழில். புதுக்கோட்டையில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் உள்ளறைதான் ஸ்டூடியோ. பொழுது முழுக்க ஹெட்போனும் தலையுமாக இருப்பார். நாதஸ்வரத்துக்கு நடுவே யாரோ இருமியதைக்கூடக் கண்டுபிடித்து எடுத்துவிடுவார். அந்தக் காதை நம்பித்தான் எங்கள் குடும்பம் நடந்தது.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அந்த ஃபேன் கீச்சுனு கத்திக்கிட்டே இருக்கே, ஒனக்குக் கேக்கலையா?" என்றார். கம்ப்யூட்டருக்குள் சூட்டைத் தணிக்கச் சுற்றும் விசிறியைச் சொன்னார். அதன் இரைச்சல் எனக்கும் கேட்டதுதான். கீச்சொலி எதுவும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்பதெல்லாம் நமக்குக் கேட்குமா என்று விட்டுவிட்டேன்.

தண்ணீரால் குளிரவைக்கும் அமைப்பை மாட்டினால் சத்தம் குறையும் என்று எங்கோ படித்திருக்கிறார். திருச்சியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் தம்பியிடம் போனில் எந்நேரமும் அதே பேச்சு. குழாய், தொட்டி, பம்ப் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி நாமே பூட்டுவது ஒரு வகை. ஒழுகினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், வேண்டாம் என்றான் தம்பி. தண்ணீர் அடைத்தே வருவதை வாங்கலாம். அதிலும் சின்னது கூடாது, சூட்டை வெளியேற்ற அதன் விசிறி வேகமாகச் சுற்றியாக வேண்டும், தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டர் பெரிதாக இருந்தால் மெதுவாகச் சுற்றினாலே போதும் என்றான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பம்பு சத்தம் வருமா மாப்ளே?" என்பதை மட்டும் இவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"வேகத்தக் கொறச்சு வச்சுக்கலாம் மச்சான். காத ஒட்டிக் கேட்டாத்தான் தெரியும்."

பெரியதே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பியே வந்து மாட்டிக்கொடுத்தான். சுவிட்சைப் போட்டதும் திரையில் வெளிச்சம் வந்தது. சத்தம் மட்டும் இல்லை. ஓடுகிறதா என்று நானே குனிந்து பார்த்தேன். தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்படி இருக்கு மச்சான்?"

அவர் பெட்டியில் காதை வைத்தார். "பம்பு கீச்சுங்குது" என்றார்.

தம்பி பம்பின் வேகத்தைக் குறைத்தான். இன்னும் குறைத்தான். "இப்பயும் வருது" என்றார். ஃப்ரிட்ஜை நிறுத்தச் சொன்னார். தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியை நிறுத்தினோம். கடைசியில் அவரே எழுந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினார். திரை அணைந்தது. வீடே அடங்கிவிட்டது. தெருவில் யாரோ துணி துவைப்பது தெளிவாகக் கேட்டது. சுவிட்சிலிருந்து கையை எடுக்காமலே நின்றார்.

"இன்னும் கேக்குதுங்களா?" என்றேன்.

"கேக்குது." காதைக் கையால் பொத்திப் பார்த்துவிட்டு, "அதுல இல்ல. எங்கிட்டதான் இருக்கு" என்றார். தம்பி ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்தான்.

வருடக்கணக்காக ஹெட்போனில் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது கெட்டுவிட்டது என்றார் டாக்டர். இந்தச் சத்தம் நிற்காது, பழகிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். வெளிச் சத்தம் இருக்கும் இடத்தில் கொஞ்சம் மறந்திருக்கலாமாம். சத்தமே இல்லாத அந்த அறையில் அவரால் உட்காரவே முடியவில்லை. வந்த வேலைகளைத் திருப்பி அனுப்பினார். இப்போது ஒரு பெயிண்ட் கடையில் பில் போடுகிறார்.

போன மாதம், அலைச் சத்தமாவது கேட்கட்டும் என்று அவரை மணமேல்குடிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். எங்கள் பக்கத்துக் கடலில் அலை ஏது? குளம் மாதிரி கிடந்தது. அது தெரிந்துதான் போனேன். பக்கத்தில் வேறு கடல் இல்லை. மணலில் உட்கார்ந்திருந்தோம். அப்போது கரையோரம் ஒரு படகில் இன்ஜினை முடுக்கினார்கள். பேசினால் கேட்காத அளவுக்கு இரைந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் தோள்கள் தளர்ந்தன. கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. படகு நகர்ந்தது. சத்தம் மெலிந்துகொண்டே போனது. அவருக்குள் அந்தக் கீச்சொலி திரும்பி வந்த நொடி எனக்குத் தெரிந்தது, புருவம் சுருங்கிவிட்டது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, போவமா?" என்றேன்.

"இன்னொரு படகு கெளம்பட்டும்" என்றார்.