மூன்று தட்டு

எர்மெலிந்தாவின் இடது காது பிசைந்து போட்ட மாவு மாதிரி இருக்கும். மெக்சிகோ நகரத்து மல்யுத்த மேடைகளில் முகமூடி போட்டுக்கொண்டு பதினெட்டு வருஷம் உருண்டு புரண்டதில் மிஞ்சிய சொத்து அதுதான். கொடுத்த அடிக்கும் வாங்கிய அடிக்கும் கணக்கே இல்லை. ஒன்று மட்டும் அவளை விடவே இல்லை. பக்கத்து ஊரான புவெப்லாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் பிடியில் சிக்கிய எதிராளி ரெஃபுஹியோ வலி தாங்காமல் தரையை மூன்று முறை தட்டினாள். மூன்று தட்டினால் விட்டுவிட வேண்டும், அந்தத் தொழிலில் அதுதான் சத்தியம். எர்மெலிந்தா ஆத்திரத்தில் விடவில்லை. முழங்கை முறிந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. பாவிக் கூட்டம் கைதட்டியது. அன்றைக்குக் கழற்றிய முகமூடியை அவள் மறுபடி போடவே இல்லை.

அப்புறம் படப்பிடிப்புகளில் சண்டை சொல்லிக்கொடுத்தாள். அங்கிருந்து இந்த வேலைக்கு வந்தாள். கட்டில் காட்சியோ பலாத்காரக் காட்சியோ, யார் எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது என்று முன்னாலேயே பேசி, ஒத்திகை பார்த்து, பக்கத்திலேயே நிற்க வேண்டும். நெருக்கக் காட்சி ஒருங்கிணைப்பாளர் என்று காகிதத்தில் இருக்கும். படப்பிடிப்பில் எல்லார் வாயிலும் வருவது ‘தொடாதே அக்கா’.

ஒரு நாள் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் புருஷன் பெண்டாட்டியைக் கட்டிலில் கழுத்தை நெரிக்கும் காட்சி. புருஷனாக லியாந்த்ரோ, நாடே கொண்டாடும் நாயகன். பெண்டாட்டியாக நயேலி, புதுமுகம்.

“வசனத்துலயே ‘விடு, வேண்டாம்’னு நீ கத்தணும். அதனால அந்த வார்த்தைய எவனும் நம்ப மாட்டான்” என்று காலையிலேயே சொன்னாள் எர்மெலிந்தா. “நெசமா வலிச்சா மெத்தையில மூணு தட்டு. லியாந்த்ரோ, மூணாவதுல கைய எடுத்துரணும். கழுத்துல கை படவே கூடாது, தோள்லதான்.”

“உத்தரவுங்க டீச்சர்” என்றான் அவன், வாய் நிறையச் சோளமாவுத் தமாலோடு.

கேமரா ஓடியதும் அவன் கை நேரே குரல்வளைக்குப் போனது. நயேலி உதைத்தாள், விளக்கு விழுந்து நொறுங்கியது. முகம் சிவந்து, பிறகு கறுத்தது. அவள் கை மெத்தையில் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. எர்மெலிந்தா பாய்ந்தாள். இயக்குநர் குறுக்கே கையை நீட்டி, “அசையாதீங்க, பிரமாதமா வருது!” என்றார். அவரைத் தள்ளிவிட்டு, லியாந்த்ரோவின் விரல்களைப் பிய்த்து எடுப்பதற்குள் பதினொரு தட்டு ஆகிவிட்டது.

நயேலி தரையில் வாந்தியெடுத்தாள்.

“தட்டுனதுக்கப்புறம் எடுத்தத ஒளிபரப்பக் கூடாது, ஒப்பந்தத்துல இருக்கு. அழிங்க” என்றாள் எர்மெலிந்தா.

“தட்டுனாளா? கை உதறுதுன்னுல்ல நெனச்சேன்” என்றான் லியாந்த்ரோ. “அந்த நேரத்துல எவனுக்கு எண்ணத் தோணும்?”

“அதானே? அவ தட்டலைன்னா அழிக்க வேண்டியதில்ல” என்றார் இயக்குநர்.

அடப்பாவிகளா! ஒரு பெண் நிஜமாகவே சாகப் பார்த்ததை நாடு முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டுமாம்.

எர்மெலிந்தா லியாந்த்ரோவின் பின்னால் போய் நின்றாள். “தம்பி, உன் கழுத்துல கை வைக்கலாமா?”

அவன் சிரித்தான். “தாராளமா வைங்க அக்கா. கிச்சுகிச்சு மட்டும் மூட்டாதீங்க.”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?”

அவள் முன்கை அவன் தொண்டையை வளைத்தது. இருவரும் மெத்தையில் விழுந்தார்கள். அவன் முண்டினான், உதைத்தான், உதட்டைக் கடித்து ரத்தம் வந்தது. யாரும் சொல்லாமலேயே அவன் வலது கை மெத்தையைத் தட்டியது.

“ஒண்ணு” என்று தரையிலிருந்து ஒரு கரகரத்த குரல் கேட்டது. நயேலிதான். “ரெண்டு... மூணு.”

புவெப்லாவின் அதே ஆத்திரம் எர்மெலிந்தாவின் தோளில் ஏறியது. இன்னும் ஓர் இறுக்கு, ஒரே ஓர் இறுக்கு! அவள் கையை எடுத்தாள்.

“இப்பத் தட்டினியே, அது நடிப்பா?” என்று கேட்டாள். லியாந்த்ரோ கழுத்தைத் தடவிக்கொண்டு இருமினான். இயக்குநர் யார் முகத்தையும் பார்க்காமல் “அழிச்சிருங்க” என்றார். “அக்கா, நாளைலேர்ந்து நீங்க வர வேண்டாம்.”

வாசல்வரை நயேலி கூடவே வந்தாள். “மூணுலயே விட்டுட்டீங்களே அக்கா” என்றாள். அவளுக்கு ஆறவில்லை.

“விடணும்டி” என்றாள் எர்மெலிந்தா. “விடாதவ எப்படித் தூங்குவான்னு எனக்குத் தெரியும்.”