கனகசபை அண்ணர் மறுக்காத தயிர்

நேற்றுக் காலை ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார்கள். கனகசபை அண்ணர் போய்விட்டார். சாவகச்சேரியிலிருக்கும் அவர் மனைவிக்குச் செய்தி எப்போது சேருமோ தெரியாது, சண்டையால் பாதை பூட்டு. இங்கே சொந்தமென்று யாருமில்லாததால் எனக்குச் சொன்னார்கள். நான் அவருக்கு அறை கொடுத்த வீட்டுக்காரி, அவ்வளவுதான். ஆனாலும் ரிசீவரை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் முன் அறையில் ஏழு வருடம் இருந்தார். புதுக்கடைக் கோர்ட்டில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மற்றவர்களுக்குச் சிரமமாகிவிடுமோ என்று இருமலைக்கூட அடக்கிக்கொள்கிற மனிதர். கறியில் உப்பே இல்லாவிட்டாலும் "நல்லாயிருக்குத் தங்கச்சி" என்பார்.

பிறகு பார்க்கின்சன் வந்தது. கை நடுங்கியது, நடை குறுகியது, நாலைந்து நாளுக்கு வெளிக்கே போகாது. தயிர் குடலுக்கு நல்லதென்று யாரோ சொன்னார்கள். விடுவேனா நான்? தினமும் உறைய வைத்தேன். மாத்திரை விழுங்கக் கஷ்டப்படுகிறாரே என்று அதையும் தூளாக்கித் தயிரில் கலந்து காலையில் ஒரு கோப்பை கொடுத்தேன். வயிறு இளகியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நடுக்கம் மட்டும் கூடிக்கொண்டே போனது. வியாதி முற்றுகிறது என்று நினைத்தேன்.

ஒரு நாள் வேலைக்குப் போகும்போது, சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிய கை ஆடியிருக்கிறது. "ஐ வெவ்லன்னே?" ஏன் நடுங்குகிறாய் என்று சிங்களத்தில் கேட்ட சிப்பாய்க்குப் பதில் சொல்ல நாக்கும் எழவில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு நாள் உள்ளே. மருந்தும் இல்லை. சட்டத்தரணி மீட்டு வந்தபோது மரக்கட்டைபோல் இறங்கினார்.

நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தயிர் நல்லம், விடாதேங்கோ. ஆனா மாத்திரையோடை குடுக்காதேங்கோ. தயிரிலை இருக்கிற புரதம் மருந்தை மறிக்கும். முதல்ல வெறும் வயித்திலை மருந்து, அரை மணித்தியாலம் கழிச்சுத் தயிர். இதை இவரிட்டை முதல் நாளே சொன்னனான்" என்றார் டாக்டர்.

வெளியே வந்து வெடித்தேன். "தெரிஞ்சும் ஏன் அண்ணர் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க? நான் என்ன பேயா, பிசாசா?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நீங்கள் விடிய எழும்பி ஆசையாய்க் கரைச்சுக்கொண்டு வாறியள் தங்கச்சி. வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அடுத்த நாளே நேரத்தை மாற்றினோம். நடுக்கம் தணிந்தது, கோப்பையைத் தானே பிடித்தார். ஆனால் தெருவில் இறங்கும் தைரியம் திரும்பவில்லை. உடுத்திக்கொண்டு வாசல்வரை வருவார். பூட்ஸ் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவார். வேலையையும் விட்டார். கடைசியில் சளி நெஞ்சில் இறங்கி, இரண்டு கிழமையில் முடிந்தது.

இன்று அவரை எடுத்தார்கள். புதுக்கடையிலிருந்து வந்த நாலு பேர் தூக்கினார்கள். பெண்டுகள் சுடலைக்கு வரக்கூடாதென்று வாசல் படலையில் நிறுத்திவிட்டார்கள்; நான் சொல்ல நினைத்தது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அண்ணர், போகிற இடத்தில் யாராவது ஆசையாக எதையாவது நீட்டினால், வேண்டாதபோது வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். நானும் கோபித்திருக்க மாட்டேன். போய் வாருங்கள்.