அண்ணனின் வண்டியை உதைத்துக் கொடுத்தவர்கள்

இந்த நினைவு மலரின் முன்பக்கத்தில், அண்ணன் புல்லட்டில் அமர்ந்திருக்கும் படத்தைத்தான் போட வேண்டும் என்று சொன்னவர் அண்ணனின் மனைவி, என் மதினி. கோயில் வாசலில் கும்பிட்டபடி எடுத்த நல்ல படம் ஒன்று இருக்கிறதே என்று சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "அவுக பல்லு தெரியச் சிரிச்ச படம் இது ஒண்ணுதான்" என்று மதினி பேச்சை முடித்துவிட்டார். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் அந்த வண்டியை வைத்தே அவர் வாழ்க்கையைச் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. கூடப் பிறந்த ஒரே தங்கை என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ராஜபாளையத்தில். எங்கள் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. நடக்கப் பழகிய வயதில் வந்த காய்ச்சல் இளம்பிள்ளை வாதமாகி அண்ணனின் வலது காலை முடக்கிவிட்டது. பாதம் அசையும், முட்டிக்கு மேலே பலம் கிடையாது. தொடையில் கையை ஊன்றித்தான் நடப்பார். பள்ளிக்கூடத்துக்கு முதலில் அம்மா இடுப்பில் தூக்கிப் போனார். பிறகு யாராவது சைக்கிளில் ஏற்றிப் போனார்கள். படிப்பை முடித்ததும், தளவாய்புரத்தில் தைக்கும் நைட்டிகளை வாங்கி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கடைகளுக்குக் கொடுக்கும் வியாபாரத்தில் இறங்கினார். பண்டலோடு பஸ் ஏற முடியாத நாட்களில் யாருடைய வண்டிக்காவது காத்துக் கிடப்பார். "செத்த நேரத்தில வாரேன்" என்று போனவர்கள் பொழுது சாய்ந்து வருவார்கள். அவர்களைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அந்த வேலையை நான் பார்த்துக்கொண்டேன்.

தனக்குத் திருமணமான புதிதில் ஒருநாள் அண்ணன், பழைய புல்லட் ஒன்றை வாங்கப் போவதாகச் சொன்னார். வீடே சிரித்தது. "அண்ணே, ஆசைக்கும் ஒரு அளவு வேண்டாமா?" என்று நானும் கேலி செய்தேன். அவர் கோபிக்காமல் விளக்கினார். மற்ற வண்டிகளில் பிரேக் வலது காலுக்கு. பழைய புல்லட்டிலோ பிரேக் இடது காலுக்கு. வலது பாதத்துக்குக் கியர் மட்டும்தான். அதை அவரால் தட்ட முடியும். வலது காலைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்துவிட்டால், ஓட்டுவதில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை.

கிளப்புவதுதான் பிரச்சினை. கிக்கர் வலது பக்கம். வலது காலால் மிதிக்க முடியாது. இடது காலால் மிதிக்கலாம் என்றால் உடம்பைத் தாங்க வலது கால் வேண்டும். "அதுக்கென்ன, போற எடத்தில யாராச்சும் உதைச்சுக் குடுக்க மாட்டாகளா?" என்றார். கொடுத்தார்கள். எங்கே போனாலும் கொடுத்தார்கள். அந்தச் சில மாதங்களில் அண்ணன் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்காரர்கள் கேட்ட நேரத்துக்குச் சரக்கு போனது.

தளவாய்புரத்தில் பண்டல் ஏற்றும் வேலை பார்த்தவர் மாடசாமி. ஒருநாள் அண்ணன் அவரிடம் உதைத்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். முதல் தடவை எடுபடவில்லை. "இன்னும் நல்லா ஓங்கி மிதிங்க" என்று அண்ணன் சொன்னார். ஒருநாளும் தான் மிதித்துப் பார்க்காத ஒருவர் சொன்ன யோசனை அது. மாடசாமி ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டு, முட்டியை விறைத்து, பாதி மிதித்துக் காலைத் தளர்த்தினார். கிக்கர் திருப்பி அடித்தது. கணுக்கால் எலும்பு முறிந்துபோனது.

சுமை தூக்கிப் பிழைக்கும் மனிதர். ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் அழுததை நான் பார்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் அவர் அழுது நான் பார்த்ததில்லை. மாடசாமி எழுந்து வேலைக்குப் போகும்வரை அவர் குடும்பத்தை அண்ணன்தான் பார்த்துக்கொண்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை. "நான் நடக்கதுக்காக இன்னொருத்தர் காலை வாங்கிட்டேனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி, விற்றுவிட ஆள் பார்க்கச் சொன்னார். மறுபடியும் பஸ், மறுபடியும் காத்துக் கிடப்பது. சாப்பாடு பாதியாகக் குறைந்தது.

மதினி அதிகம் பேசாதவர். ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "நான் உதைக்கேன்" என்றார்.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? ஒங் காலும் போச்சுன்னா இந்த வீட்டில யாரு நடமாடுறது?"

"எங் காலுதான? உதைக்கணுமா வேண்டாமான்னு நான்தான் சொல்லணும். நீங்க கேக்கவே வேண்டாம். நானாத்தான் சொல்லுதேன்."

மறுநாளே மதினி ஸ்ரீவில்லிபுத்தூர் மெக்கானிக் பாயை வரவழைத்துவிட்டார். அவர் வந்து வண்டியை வாசலில் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தினார். "மொதல்ல காலுக்கு ஷூ போடணும் தங்கச்சி. ஓங்கி உதைக்கிற வேலையே இதுல கெடையாது" என்று ஆரம்பித்தார். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். டேங்குக்கு முன்னால் இருக்கும் ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். இடது கைப்பிடியில் இருக்கும் சின்ன லிவரைப் பிடித்து, எஞ்சினுக்குள் அடைபட்ட காற்றை விட்டு, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். பிறகு லிவரை விட்டுவிட்டுக் கிக்கரை மேலே வரவிட வேண்டும். அதற்கப்புறம்தான் மிதி. ஆக்ஸிலேட்டரைத் தொடக் கூடாது, முட்டியை விறைக்கக் கூடாது, பாதியில் பயந்து காலை எடுக்கக் கூடாது.

மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்ணனின் கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு வலது பக்கம் நின்றார். அண்ணன் இடது பக்கம் நின்று முள்ளைப் பார்த்தார், லிவரைப் பிடித்தார். மதினி மிதித்தார். கிளம்பவில்லை. மறுபடியும் மிதித்தார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. மதினிக்கு வேர்த்து ஊற்றியது. பாய் அண்ணனின் கையைப் பார்த்துவிட்டார். லிவரை அவர் விடவே இல்லை. மதினி மிதிக்கும்போதெல்லாம் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"அண்ணாச்சி, அதைப் புடிச்சிருக்க வரைக்கும் ஒண்ணும் ஆகாதுதான். ஆனா வண்டியும் கெளம்பாது. கையை விடுங்க."

அண்ணன் மதினியின் முகத்தைப் பார்த்தார். "விடுங்கங்கேன்ல" என்றார் மதினி. விட்டார். அடுத்த மிதியில் வண்டி கிளம்பியது. நானும் மதினியும் ஒரே நேரத்தில் கத்தினோம். அன்றைக்கு அண்ணன் மதினியைப் பின்னால் உட்கார வைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்வந்தார். தெருவில் பேசியவர்கள் பேசினார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கே சலித்துவிட்டது.

வெளியூரில் பிறரிடம் கேட்க வேண்டிவந்தால், அதன் பிறகு அண்ணன் சும்மா விட்டதில்லை. வண்டிப் பெட்டியில் ஒரு ஜோடி ஷூ எப்போதும் கிடக்கும். அதைப் போட வைத்து, முதலிலிருந்து கடைசிவரை விளக்கி, லிவரைத் தானே பிடித்து, காற்றை விட்டு, கையை எடுத்த பிறகுதான் மிதிக்க விடுவார். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு பேங்க் அதிகாரி அவசரத்தில் எரிச்சலாகி, "ஒரு உதைக்கு இம்புட்டுப் பாடமா?" என்று கேட்டாராம். "காலு ஒங்களுது சார். வீட்டுக்கு நல்லபடியா நடந்து போகணும்ல" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஷூவை நீட்டியிருக்கிறார். பாவம், அவரும் போட்டுக்கொண்டார்.

மாடசாமியிடம் மட்டும் அண்ணன் கேட்கவே இல்லை. அவர் குணமாகி வேலைக்கு வந்த பிறகும் வேறு ஆளைத்தான் கூப்பிடுவார். ஒருநாள் மாடசாமியே முன்னால் வந்து நின்றார். "ஊர்ல அம்புட்டுப் பேரும் உதைக்காக. நான் மட்டும் ஆகாதவனாப் போயிட்டனா?" என்று கேட்டார். அண்ணன் ஷூவை எடுத்துக் கொடுத்தார். முழுப் பாடத்தையும் இரண்டு தடவை சொன்னார் என்று மாடசாமி என்னிடம் சொல்லியிருக்கிறார். அதன்பின் தளவாய்புரத்தில் வேறு யாரையும் மாடசாமி வண்டிப் பக்கமே விடவில்லை.

அந்த வண்டியில் போய்த்தான் அண்ணன் வியாபாரத்தைப் பெருக்கினார்; மகளைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தார். சிறுநீரகம் பழுதாகி மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரங்களில், தன்னைத் தூக்க வரும் செவிலிப் பெண்களிடம் "முதுகைக் குடுக்காதம்மா, முட்டியை மடக்கித் தூக்கு" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். பேச்சு நின்ற அன்றும், தூக்க வந்தவர்களுக்குக் கையால் சைகை காட்டினார்.

அண்ணனைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ராத்திரி பகல் பாராமல் கார் ஓட்டி வந்த தெருக்காரர்களுக்கும், இறுதிச் சடங்கில் எங்களோடு நின்ற சொந்தபந்தங்களுக்கும் நன்றி. மாடசாமி அண்ணாச்சிக்குத் தனியாக நன்றி. கால் வலிக்குமே என்று எவ்வளவு சொல்லியும், சுடுகாடு வரை அவர் பாடையைத் தோள் மாற்றவே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சுந்தரபாண்டியத்திலும், வழியில் எத்தனையோ டீக்கடை வாசல்களிலும், அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு அண்ணனுக்கு வண்டியை உதைத்துக் கொடுத்துவிட்டு உங்கள் வழியில் போனவர்கள் எத்தனையோ பேர். உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. இந்த மலர் உங்கள் கைக்கு வருமா என்பதும் தெரியாது. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம் என்று எழுதி மதினியிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "கையெடுத்தாப் போதாது. அவுக காலைத் தொட்டுக் கும்பிடுதோம்னு எழுது" என்றார்.

அப்படியே எழுதுகிறேன். உங்கள் கால்களைத் தொட்டு வணங்குகிறோம்.