தோண்டாத தங்கத்தை விற்றவர்கள்

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் என் நகைக்கடைக்கு வருகிற எல்லோர் முகத்திலும் இப்போது சிரிப்பு. தங்கம் வருஷக்கணக்காக இறங்கிக்கொண்டே இருக்கிறதே!

யோகேஸ் ஒருத்திதான் விலையைக் கேட்டு வாடிப்போவாள். அவள் கணவன் ஜெயத்துக்கு வடக்கே தங்கச் சுரங்கத்தில் வேலை. விலை இப்படியே விழுந்தால் சுரங்கத்தை மூடிவிடுவார்களோ என்ற பயம்.

போன செவ்வாய்க்கிழமை வந்தாள். இரண்டு காப்பையும் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இதை எடுத்துக்கொண்டு காசைத் தாங்கோ அண்ணை."

"ஏன் பிள்ளை?"

"இவற்ர கொம்பனி ரெண்டு வருசத் தங்கத்தை வித்துப்போட்டுதாம். பேப்பரில பாத்தவை சொல்லிச்சினம். வேலை போனால் வாடகைக்காவது..."

நம் ஆட்கள் தங்கத்தை எப்போது விற்பார்கள்? வீடு கவிழும்போதுதானே!

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. உணவகத்தில் கோப்பை கழுவிச் சேர்த்த காசில் கடை போட்டவன். தங்கம் என்றால் இந்த ஊரே என்னிடம்தான் கேட்கும். ஆகவே அடித்துச் சொன்னேன்: "அப்ப முடிஞ்சுது பிள்ளை. தங்கத்தை விக்கிற நிலைக்கு வந்தால் பேந்து எழும்பேலாது."

அவள் கண் நிரம்பிவிட்டது. காப்பைத் தராசில் வைத்தேன். நாலு பவுண். அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஜெயத்தின் போன். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"ஜெயம், உன்ர கொம்பனி கவிழ்ந்திட்டுதாமே?"

"ஆரண்ணை சொன்னது?"

"நான்தான்."

விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணை, வித்தது இன்னும் தோண்டாத தங்கம்! விலை இன்னும் விழ முதல், ரெண்டு வருசத்துக்கு ஒரே விலை பேசி வைச்சிட்டாங்கள். இனி எவ்வளவு விழுந்தாலும் அந்த விலைதான். ஆனால் தோண்டிக் குடுத்தே ஆகவேணும்."

"ஏறினால்?"

"ஏறின லாபம் வாங்கினவனுக்கு. எனக்குச் சம்பளம் வந்தால் காணும்."

யோகேஸ் மெல்லக் கேட்டாள். "அப்ப வேலை இருக்கே?"

"ஓம், ரெண்டு வருசத்துக்குப் பயமில்லை. நீயேன் அண்ணையின்ர கடையில நிக்கிறாய்?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"தேத்தண்ணி குடிக்க வந்தவள்" என்றேன் நான்.

வரக்கூடிய லாபத்தில் கொஞ்சத்தை விட்டு நிம்மதியை வாங்குவது... அதுவும் வியாபாரம்தான். இத்தனை வருடம் கடை நடத்தியும் எனக்குத் தெரியாமல் போயிற்று!

அவள் காப்பைத் திரும்பப் போட வெகுநேரம் எடுத்தது. மற்ற வாடிக்கையாளர்கள் காத்து நின்றார்கள் — நிற்கட்டும் என்று விட்டேன்.

கைக்கு வந்த நாலு பவுணைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இப்படிச் சந்தோஷப்பட்ட நகைக்கடைக்காரன் மொன்றியலில் வேறு யாராவது உண்டா? இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கலாம்!