என்னை யாரும் ஊதச் சொல்லவில்லை

ஜவ்வாது மலையில், சந்தவாசலுக்கு மேலே நான் ரேஞ்சராக இருந்த வனத்துறை பங்களாவில், தங்கிப் போகிறவர்கள் பெயர் எழுதும் தோல் அட்டைப் புத்தகம் ஒன்று இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில், வெள்ளைக்காரர் காலத்து அதிகாரி ஒருவர் பென்சிலால் ஒரு பானத்தின் செய்முறையை எழுதி வைத்திருந்தார். ரம் ஒரு பங்கு, பிராந்தி ஒரு பங்கு, நாட்டுச் சாராயம் அரைப் பங்கு, வடித்து ஆறவைத்த தேநீர் நான்கு பங்கு, எலுமிச்சை, சர்க்கரை. தேநீர் சரியாக அமையாவிட்டால் மற்றதெல்லாம் வீண் என்று கீழே எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார். அந்தப் பக்கத்தை முதன்முதலில் படித்த மாலை எனக்கு இருபத்தேழு வயது. மாகாணத்தில் மதுவிலக்கு அமலில் இருந்தது. குடிப்பதற்கு என்னிடம் பெர்மிட் கிடையாது. ஆனால் தேயிலை இருந்தது, அதை வடிக்கத் தெரிந்த ஒரு மனிதரும் இருந்தார்.

அவர் பங்களாவின் சமையல்காரர். வாணியம்பாடிக்காரர். எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னைவிட இருபது வயது மூத்தவரை நீ என்றுதான் பேசினேன். என் பதவி அதற்கு இடம் கொடுத்தது. அவர் தேயிலையைக் கொதிக்க விடமாட்டார். தண்ணீர் கொதித்து இறங்கிய பிறகு தூளைப் போட்டு மூடி, நூறு எண்ணி, மெல்லிய துணியில் வடிப்பார். "கொதிக்க வுட்டா கசந்துரும் சார். எலுமிச்ச புழிஞ்சா இன்னும் மோசம்" என்பார். எலுமிச்சைத் தோலைச் சர்க்கரையில் தேய்த்து வாசத்தை இறக்கி, அதன்மேல் சூடான டீயை ஊற்றி, கெட்டிலை ஈரமணலில் புதைத்து ஆறவைக்க நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். எதற்கு என்று அவருக்குத் தெரியும். கலப்பதை மட்டும் வேறு அறையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பாட்டில் இருக்கும் அறைக்குள் அவர் கால் வைத்ததில்லை.

கண்ணமங்கலத்துக் கூப்புக் காண்டிராக்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார். காட்டில் மரம் வெட்ட ஏலம் எடுத்தவர். ரம்மை வேலூரில் பழைய பட்டாளத்துக்காரர் ஒருவரிடம் வாங்குவார், பிராந்தி பாண்டிச்சேரியிலிருந்து வரும், சாராயம் மலையிலேயே கிடைத்தது. மூன்றும் கலந்த பானத்தைப் பீங்கான் கோப்பையிலும் சாசரிலும் ஊற்றி, பட்டப்பகலில், வராந்தாவில் உட்கார்ந்து குடித்தோம். பாதையில் போகிறவன் பார்த்தால் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தந்திரத்தில் எனக்கு மிகவும் பெருமை இருந்தது.

"பாய், ஒன் டீயிலதான் எங்க உசுரு இருக்குது. நீ மட்டும் ருசி பாக்க மாட்டேன்ற. விருந்து வூட்ல ஆக்கிப் போட்டுட்டு பட்டினி கெடக்கற மாரி இருக்குது" என்று காண்டிராக்டர் சீண்டுவார்.

"ருசி பாத்ததெல்லாம் போதுங்க. ஒரு வூடே அதுல போய்ருச்சு" என்பார் பாய், சிரிக்காமல்.

அது வெறும் பேச்சில்லை. வாணியம்பாடியில் அண்ணனோடு தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த காலத்தில் அவர் பெருங்குடிகாரராக இருந்திருக்கிறார். மனைவி இரண்டாவது பிரசவத்துக் காய்ச்சலில் கிடந்த இரண்டு நாளும் அவர் எங்கேயோ போதையில் விழுந்து கிடந்தார். எழுந்து வந்தபோது தாய்க்கும் சிசுவுக்கும் அடக்கம் முடிந்திருந்தது. எட்டு வயது மகளை அண்ணன் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய், இவரைத் தெருவோடு அனுப்பிவிட்டார். அன்று விட்டது, ஒன்பது வருடமாகத் தொடவில்லை. இதை அவர் எனக்கு ஒரு மழை நாளில், பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னார். வேறு யாருக்கும் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்த வருடம் ஆடி மாதம் அண்ணனிடமிருந்து அவருக்கு உருதுவில் ஒரு கடிதம் வந்தது. எனக்கு உருது தெரியாது. அவரே ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். மகளுக்கு நிக்காஹ். வெள்ளிக்கிழமை. குடியை விட்டது நிஜமென்றால் நீயே வந்து தகப்பனாக உட்கார்ந்து சம்மதம் சொல், இல்லையென்றால் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அண்ணன் எழுதியிருந்தார்.

"பத்து நாளு லீவு வேணும் சார்" என்றார் பாய். "பொண்ணு மொகத்த பாத்து ஒம்போது வருசமாவுது. இப்ப எப்பிடி இருக்குதோ தெரியல."

நான் பெருந்தன்மையாக லீவு கொடுத்தேன். ஒரு புதுச் சட்டையும், மகளுக்குப் பச்சை நிறத்தில் ஒரு சேலையும் கண்ணமங்கலத்தில் வாங்கி வந்து தகரப் பெட்டியில் வைத்திருந்தார். திங்கட்கிழமை காலை இறங்குவதாக ஏற்பாடு. நான் சொல்ல வருவது அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை.

பாயிடம் ஒரு பழக்கம் இருந்தது. டீ வடித்ததும் தன் பங்கை ஒரு அலுமினியக் குவளையில் தனியாக எடுத்து, தட்டு போட்டு மூடி, அடுப்படி ஜன்னலில் வைத்துவிடுவார். கெட்டில் எங்கள் அறைக்குள் வந்துவிட்டால் அதில் எவ்வளவு மிஞ்சினாலும் தொடமாட்டார். வேலையெல்லாம் முடிந்தபிறகு, ஆறிப்போன அந்த டீயை, எலுமிச்சையும் சர்க்கரையும் போட்டதை, நின்றபடியே ஒரே மூச்சில் குடிப்பார். சொட்டுச் சொட்டாக ருசித்துக் குடிக்கிற வழக்கத்தை அவர் தனக்கு வேண்டாம் என்று வைத்திருந்தார் போலும்.

மத்தியானம் இரண்டு கோப்பை முடிந்திருந்தது. காண்டிராக்டர் சொன்னார்: "ஒரு மடக்கு உள்ள போனா பழைய பாய் எந்திரிச்சு வந்துருவாரு பாருங்க ரேஞ்சரய்யா. அவுரு பாட்டு பாடி ஆட்றத நாம பாக்க வாணாமா?" அவர் சொல்லத்தான் செய்தார். எழுந்து போனது நான். பாய் கிணற்றடியில் இருந்தார். ஜன்னலில் இருந்த குவளையில் முக்கால்வாசியைக் கொட்டிவிட்டு, கலந்த பானத்தால் நிரப்பினேன். வாடை தெரியாமலிருக்க எலுமிச்சைத் தோலைக் கூடுதலாகக் கிள்ளிப் போட்டேன். இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை சேர்த்துக் கலக்கி, தட்டைப் பழையபடி மூடினேன். அவர் மீது எனக்குக் கோபம் ஏதுமில்லை. அந்த ஒன்பது வருடம் என் கண்ணை உறுத்தியது, அவ்வளவுதான். என் வீட்டில் சமைக்கிறவன் என்னைவிட உறுதியானவனாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை இப்போது எழுத முடிகிறது. அப்போது அது எனக்கு வேடிக்கையாக மட்டுமே தெரிந்தது.

நாங்கள் கதவிடுக்கில் நின்று பார்த்தோம். அவர் கை துடைத்துக்கொண்டு வந்தார். குவளையை எடுத்தார். ஒரே மூச்சு. பாதிக்கு மேல் இறங்கியபிறகுதான் நின்றார். முகத்தில் எதுவும் மாறவில்லை. குவளையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய், தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுத்தார். மூன்று முறை. குடம் தண்ணீரில் வாய் கொப்பளித்தார். காண்டிராக்டர் சுவரில் சாய்ந்து சிரித்தார், நானும் சிரித்தேன். எங்களைத் தாண்டி உள்ளே வரும்போது பாய் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"நல்லாத்தான் கலந்துருக்கீங்க சார். டீ சரியா அமைஞ்சிருக்குது."

அதன்பிறகு அரைமணி கூட ஆகியிருக்காது. கீழ் வளைவில் ஜீப் ஏறும் சத்தம் கேட்டது. காண்டிராக்டரோடு ஏலத்தில் போட்டியிட்டுத் தோற்ற யாரோ பெட்டிஷன் போட்டிருந்தான். மதுவிலக்கு சப்-இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் இறங்கினார்கள். காண்டிராக்டர் அதற்குள் பாட்டில்களைத் துண்டில் சுற்றி அடுப்படி விறகுக்குள் செருகிவிட்டு வந்திருந்தார். அதை நான் பார்த்தேன், தடுக்கவில்லை.

"பெட்டிஷன் வந்துருக்குதுங்க சார். பாக்காம போனா எனக்கு கேள்வி வரும். கோச்சிக்காதீங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். என் முன்னால் இருந்த கெட்டிலை எடுத்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். கெட்டிலைச் சத்தமில்லாமல் இருந்த இடத்தில் வைத்தார். கான்ஸ்டபிள் உள்ளேயிருந்து பாட்டில்களோடு வந்தான்.

"இது யாருதுங்க சார்?"

"அடுப்படில இருந்தா அடுப்படிக்காரனத்தான கேக்கணும்" என்றேன்.

பாயைக் கூப்பிட்டார்கள். "ஊது" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். பாய் என்னைப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்தேன். அவர் ஊதினார்.

"இன்னா பாய், அஞ்சு வேள தொழுவற ஆளுன்னாங்க. மூணு சரக்கு மணக்குது?"

என்னை யாரும் ஊதச் சொல்லவில்லை. ஒரு ரேஞ்சரை ஊதச் சொல்லும் துணிவு அந்தக் காலத்தில் எந்த சப்-இன்ஸ்பெக்டருக்கும் இருக்கவில்லை. என் வாயிலும் அதே மூன்றும்தான் மணந்தன, அதே டீயில்.

"சார், நீங்களே சொல்லுங்க" என்றார் பாய். நான் அவரை வராந்தாவின் கோடிக்குக் கூட்டிப் போனேன். தோளில் கை வைத்தேன். அதுவரை ஒருநாளும் அவரைத் தொட்டதில்லை. "ஒத்துக்கோ பாய். மொதக் கேஸு. அபராதத்தோட வுட்டுருவாங்க, நான் பாத்துக்கறேன். இல்லன்னு வாதாடினா இழுத்தடிப்பாங்க, வெள்ளிக்கிழம தப்பிப் போயிடும்."

"ஒத்துக்கினா போயிடுவேனா சார்?"

"போயிடுவ."

அவர் நம்பினார். நான் படித்தவன், சட்டம் தெரிந்தவன் என்று நினைத்தார். எனக்கு அந்தச் சட்டத்தில் என்ன தண்டனை என்றே தெரியாது. அவர் மறுத்தால் டீ கலந்தது யார் என்ற கேள்வி வரும், அது வரக்கூடாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை கோர்ட். அன்று நான் கூப்பு அளக்கக் காட்டுக்குள் போனேன். அடுத்த வாரம் செய்திருக்கலாம், அன்றைக்கு என்று நானே வைத்துக்கொண்டேன். சாயங்காலம் காண்டிராக்டர் வந்து சொன்னார்: "ஒத்துக்கினாரு. மூணு மாசம் போட்டுட்டாங்க ரேஞ்சரய்யா. கூண்டுல நின்னுக்கினு வாசப் பக்கமே பாத்துக்கினு இருந்தாரு. நீங்க வருவீங்கன்னு போல."

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன்.

மூன்று மாதம் கழித்து அவர் பெட்டியை எடுத்துப்போக வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நான் கேம்ப் போயிருப்பதாகச் சொல்லச் சொல்லி ஃபாரஸ்ட் கார்டை அனுப்பினேன். "ஜீப்பு நிக்கிதே" என்று கேட்டார் பாய். கார்டு பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான். "சரி. அய்யாவுக்கு சலாம் சொல்லிருங்க" என்றவர், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். திரைச்சீலைக்குப் பின்னால், நாலடி தூரத்தில், நான் மூச்சை அடக்கி நின்றேன். அதன்பிறகு பதவி உயர்வு வந்தது, மாற்றல் வந்தது, மேலும் பதவி உயர்வு வந்தது. நேர்மையான அதிகாரி என்று பாராட்டி விழா எடுத்து வழியனுப்பினார்கள். மதுவிலக்கும் தளர்ந்து, நான் ஒளித்துக் குடித்ததை மெயின் ரோட்டிலேயே விற்கிற காலமும் வந்தது.

ஓய்வுபெற்று, மனைவியும் போனபிறகு, வாணியம்பாடிக்குப் போனேன். விசாரித்து விசாரித்து பாயுடைய மகளின் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவருக்கு அப்போதே பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டார். அவருடைய தகப்பனாரோடு வேலை செய்தவன் என்றேன். இங்கே எழுதியிருக்கும் வரிசையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன், குவளையில் கூடுதலாகப் போட்ட சர்க்கரை உட்பட. கதவைப் பிடித்தபடி நின்று கேட்டார்.

"அத்தா வந்தாருங்க" என்றார் கடைசியில். "ஜெயில்லருந்து வுட்டப்பறம் தகரப் பெட்டியத் தூக்கிக்கினு இங்கதான் வந்தாரு. இந்த வாசல்லதான் நின்னாரு. நிக்காஹுக்கு வராம குடிச்சிட்டு ஜெயிலுக்குப் போன மனுசன்னு பெரியத்தா சொல்லியிருந்தாரு. எனக்கு அத்தா மவுத்தாயி ஒம்போது வருசமாச்சுன்னு உள்ளருந்தே சொன்னேன். கதவத் தொறக்கல. ரொம்ப நேரம் நின்னுக்கினு இருந்துட்டு போய்ட்டாரு. அடுத்த வருசம் ஆம்பூர்ல மவுத்து, வந்து அடக்கம் பண்ணுங்கன்னு சேதி வந்துச்சு. மறுபடி குடிக்க ஆரம்பிச்சிட்டாருன்னு சொன்னாங்க. யாரும் போவல."

கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"இத்தினி வருசமா தப்பு அவுரு மேல இருந்துச்சு. இப்ப யாரு மேலங்க இருக்குது?"

"என் மேலதாம்மா."

"உங்க மேலயா" என்றார். குரலை உயர்த்தவில்லை. "நீங்க சொல்லிட்டு பஸ் ஏறிடுவீங்க. கதவத் தொறக்காதவ நான்தான."

மன்னிப்பு கேட்கத்தான் போயிருந்தேன். அந்தச் சொல்லை அங்கே எடுக்க முடியவில்லை. என் பாரத்தை இறக்கி வைக்க ஓர் இடம் தேடி, ஒன்றுமறியாத ஒரு பெண்ணின் தலையில் அதை ஏற்றிவிட்டேன் என்பது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே புரிந்தது. உள்ளேயிருந்து யாரோ, "யாரும்மா வந்துருக்கறது?" என்று குரல் கொடுத்தார்கள்.

"யாருமில்ல. வூடு மாறி வந்துட்டாங்க."

எழுந்து நடந்தேன். என் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தும் சத்தத்தை எதிர்பார்த்தேன், அது வரவில்லை. தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்துவிட்டு, முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்காமல், அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. தெருவின் மறுகோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.